வேகம் வேண்டுமா? முதலில் தடையை நீக்குங்கள்!



1898ஆம் ஆண்டு நியூயார்க்கில் நிக்கோலா டெஸ்லா, வானொலி அலையால் இயங்கும் சிறு படகை மக்கள் முன் ஓட்டிக் காட்டினார். அன்று வியப்பாக இருந்தது இன்று விளையாட்டுப் பொருள். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுக்கு அத்தகைய மாதிரிப் படகை வாங்கித் தருவது நல்லதுதான். ஆனால், "வேகம் போதவில்லை" என்று பிள்ளை சிணுங்கியவுடன் வலுமிக்க மின்கலத்தையோ பெரிய விசிறியையோ வாங்கி மாட்டிவிடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. படகும் கெடுகிறது; பிள்ளை கற்க வேண்டிய பாடமும் கைநழுவுகிறது.

விசிறி பெரிதானால் மோட்டார் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும். மின்னோட்டம் 2 மடங்கானால் கம்பிச்சுருளில் எழும் வெப்பம் 4 மடங்காகும். படகின் உடலோ நீர் புகாதபடி மூடப்பட்டது. வெப்பம் எளிதில் வெளியேறாது. அளவு மீறிச் சூடேறினால் சுருளின் காப்புப் பூச்சு கருகும், காந்தம் வலுவிழக்கும், வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் எரிந்துபோகலாம்.

இதற்குத் தீர்வு படகின் அடியிலேயே ஓடுகிறது. விசிறிக்குப் பின்னால் ஒரு சிறு குழாயின் வாய் நீரை எதிர்கொள்ளுமாறு வைக்கப்படும். படகு விரையும்போது நீர் தானாகவே அதில் ஏறி, மோட்டாரைச் சுற்றியுள்ள உறை வழியே சென்று, பக்கவாட்டுத் துளையில் பீய்ச்சும். தனியே பம்பு வேண்டியதில்லை. துளையில் நீர் வருவது நின்றால் பாசியோ மணலோ அடைத்திருக்கலாம். உடனே கரைக்குத் திருப்ப வேண்டும். நம் லிட்டில் இந்தியாவிலிருந்து சற்று நடந்தால் வெல்ட் கீ கடற்கரை. பெரிய கலங்களின் இயந்திரங்களும் பொதுவாகக் கடல்நீரின் துணையால்தான் சூடு தணிகின்றன என்பதை அங்கு நின்று பிள்ளைகளுக்கு விளக்கலாம்.

எனினும், குளிர்விப்பதைவிட வெப்பம் மிகாமல் காப்பதே அறிவுடைமை. சுழல்தண்டு மோட்டாரோடு நேர்கோட்டில் உள்ளதா? அதற்கு மசகு இடப்பட்டுள்ளதா? அடிப்பாகம் வழவழப்பாக உள்ளதா? மின்கலத்தைச் சற்று முன்னோ பின்னோ நகர்த்தினால் ஓட்டம் சீராகிறதா? இவற்றுக்குச் செலவு மிகக் குறைவு. வலிமையைக் கூட்டிப் பெறும் வேகம் வெப்பத்தையும் கூட்டுகிறது. தடையை நீக்கிப் பெறும் வேகம் மோட்டாரின் சுமையைக் குறைக்கிறது.

ஆசிரியர்களே, நம் அறிவியல் பாடத்தின் மாறிகள் இங்கே உயிர்பெறுகின்றன. மின்கலத்தின் இடம் தற்சார்பு மாறி; 10 மீட்டரைக் கடக்கும் நேரம் சார்பு மாறி; விசிறியும் மின்கலத்தின் வகையும் கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். ஒவ்வோர் அமைப்பிலும் 3 முறை ஓட்டிச் சராசரி காணட்டும். ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்பது, தாளில் மனனம் செய்தபோது விளங்காத மாணவனுக்கும் குளத்தங்கரையில் விளங்கிவிடும்.

பெற்றோர்களுக்கு மூன்று வேண்டுகோள். லித்தியம் மின்கலத்திற்கு மின்னேற்றும்போது பெரியவர் ஒருவர் அருகில் இருக்க வேண்டும். வீங்கிய மின்கலத்தை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. கடல்நீரில் ஓட்டினால் குழாயையும் விசிறியையும் நன்னீரால் கழுவிவிடுங்கள்.

அடுத்த முறை பிள்ளை வேகம் கேட்டால் உடனே பணப்பையைத் திறக்காதீர்கள். ஒரு நிறுத்துக் கடிகாரத்தையும் குறிப்பேட்டையும் அவன் கையில் கொடுங்கள். சிந்திப்போம், செயல்படுவோம்.