வீட்டுக் கணிப்பொறியின் வேகமும் பராமரிப்பும்

வாங்கிய புதிதில் சுறுசுறுப்பாக இயங்கிய கணிப்பொறி நான்கைந்து ஆண்டுகளில் ஏன் மந்தமாகிறது? “பழையதாகிவிட்டது, வேறொன்று வாங்குங்கள்” என்பதே கடைக்காரர் பெரும்பாலும் கூறும் விடை. இவ்விடையை நான் ஏற்பதற்கில்லை. சைக்கிள் சங்கிலி தேய்வதுபோல் கணிப்பொறியின் செயலி தேய்வதில்லை. வேகக் குறைவுக்குக் காரணம் பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கிறது. அதனைக் கண்டறியாமல், பிள்ளைகளின் படிப்புக்கென ஒரு குடும்பம் அரும்பாடுபட்டுச் சேர்த்த பணத்தை மீண்டும் செலவிடச் செய்வது நியாயமன்று.

முதற்கண் உஷ்ணத்தைக் கவனிப்போம். செயலியின் உஷ்ணம் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது, தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டு அது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. விசிறியும் அதனையடுத்த உலோகத் தகடுகளும் அந்த உஷ்ணத்தை வெளியேற்றுபவை. தகடுகளின் இடைவெளியில் தூசி கம்பளம்போல் படிந்துவிட்டால் விசிறி எவ்வளவு சுழன்றும் பயனில்லை. மே, ஜூன் மாதங்களில் தில்லியில் வீசும் புழுதிக்காற்றை அறிந்தோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. மெத்தையின்மேல் மடிக்கணினியை வைத்து வேலை செய்யும் வழக்கமும் காற்று புகும் துளைகளை அடைத்துவிடுகிறது. ஆண்டுக்கு இருமுறையேனும், மின் இணைப்பைத் துண்டித்தபின், விசிறி சுழலாதவாறு பிடித்துக்கொண்டு, மென்மையான தூரிகையாலோ காற்று ஊதியாலோ தூசியை அகற்றுதல் நலம். செயலிக்கும் தகட்டுக்கும் இடையில் பூசியுள்ள பசை ஆண்டுகள் செல்லச் செல்ல உலர்ந்துபோகும். அதனை மாற்றும் பணியைப் பழுதுபார்ப்பவரிடம் விடுக.

அடுத்தது, நாமறியாமலே இயங்கும் செயலிகளின் கூட்டம். விண்டோஸ் கணிப்பொறியில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால், செயலி, நினைவகம், வட்டு ஆகியவற்றுள் எது நிரம்பி வழிகிறது என்பது விழுக்காட்டில் தெரியும். கணிப்பொறி தொடங்கும்போதே தாமாக எழும் தேவையற்ற செயலிகளை அங்கேயே நிறுத்திவிடலாம். வட்டே எப்போதும் 100 விழுக்காட்டில் நின்றால், அது பழைய சுழல் வட்டாக இருக்கக்கூடும். நிமிடத்திற்கு 5400 முறை சுழலும் தட்டின்மீது படிப்புமுனை இங்குமங்கும் நகர்ந்து தகவலைத் தேடவேண்டியிருத்தலே அதன் தாமதத்திற்குக் காரணம். அசையும் உறுப்பற்ற எஸ்.எஸ்.டி. ஒன்றை அதனிடத்தில் பொருத்தினால் காணும் முன்னேற்றம் வியப்பூட்டும். புதுக் கணிப்பொறியின் விலையில் இதற்கு ஆவது சிறு பங்கே. நினைவகத்தையும் 4 ஜிபியிலிருந்து 8 ஜிபியாக உயர்த்தலாம். ஆனால் சில மடிக்கணினிகளில் அது பற்றவைக்கப்பட்டிருப்பதால் முன்னரே விசாரித்தறிதல் வேண்டும். சுழல் வட்டுக்கு ஏற்ற ‘டிஃப்ராக்’ செய்யும் வழக்கத்தை எஸ்.எஸ்.டி.க்குக் கைக்கொள்ள வேண்டா. அதனால் பயனில்லை, அதன் ஆயுளும் வீணே தேயும்.

“உங்கள் கணிப்பொறியை ஒரே சொடுக்கில் வேகமாக்குகிறோம்” என்று திரையில் முளைக்கும் விளம்பரங்களை நான் சிறிதும் நம்புவதில்லை. அவற்றுள் பல, தாமே பாரமாகிவிடுபவை. சில, தீங்கு செய்யவே வருபவை. இத்தகைய தீநிரல்களை நீக்கும் கருவிகளை, 2017ஆம் ஆண்டில் மத்திய அரசு தொடங்கிய ‘சைபர் ஸ்வச்சதா கேந்திரம்’ இலவசமாகவே அளிக்கிறது. இதனை அறிந்தோர் மிகச் சிலரே.

2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிவுற்றது. விண்டோஸ் 11 விதிக்கும் தகுதிகள் இல்லையென்னும் ஒரே காரணத்தால், நன்கு இயங்கும் கணிப்பொறிகள் பல குப்பைக்குச் செல்லும் நிலை நேர்ந்துள்ளது. அவற்றில் லினக்ஸ் வகை அமைப்பொன்றை நிறுவி மேலும் சில ஆண்டுகள் பயன்படுத்தலாம். நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ அவற்றுள் ஒன்று. அதில் தமிழும் உண்டு.

மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் ஒன்று கூற விரும்புகிறேன். கணிப்பொறியின் எச்சரிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் தோன்றுகின்றன. பொருள் விளங்காதவர் கைக்கெட்டிய பொத்தானை அழுத்திவிடுகிறார். பிரஷர் குக்கருடன்கூடப் பல மொழிகளில் கையேடு வருகிறது. பழுதுபார்க்கும் உரிமைக்கென 2022ஆம் ஆண்டில் நுகர்வோர் விவகாரத் துறை இணையதளம் ஒன்றைத் தொடங்கியது. அத்துறையே, விற்பனையாகும் ஒவ்வொரு கணிப்பொறியுடனும் வாங்குவோர் மொழியில் ஒரு பக்கப் பராமரிப்புக் குறிப்பு இருத்தல் வேண்டுமென உற்பத்தியாளர்களைக் கட்டாயப்படுத்தலாம். அப்பக்கத்தைத் தமிழில் எழுதுவது அரை நாள் வேலைக்கு மேற்படாது.