பெட்டியில் ஊறுகாய் இருக்கிறது... பாலிசி இருக்கிறதா?

பிள்ளையை வெளிநாட்டுக்கு வழியனுப்புகிற வீட்டில் பெட்டி கட்டுகிற அழகே தனி! பருப்புப் பொடி ஒரு பக்கம், எலுமிச்சை ஊறுகாய் ஒரு பக்கம், ‘அங்கே போய் சளி பிடிச்சா என்ன பண்ணுவான்?’ என்று சுக்கு, மிளகு, திப்பிலி ஒரு பொட்டலம். பாட்டி பங்குக்கு முறுக்கு. மாமா எடை பார்த்துவிட்டு, ‘முப்பது கிலோ தாண்டிருச்சு, எதையாவது எடுங்க’ என்று கத்துவார். ஊறுகாயை எடுக்க அம்மாவுக்கு மனசு வராது. பையனின் சட்டை ரெண்டை எடுத்து வெளியே வைப்பார்!

இத்தனை அக்கறை காட்டுகிற வீட்டில், ‘அங்கே இவன் உடம்பு முடியாமல் படுத்துவிட்டால் ஆஸ்பத்திரிச் செலவை யார் கொடுப்பார்கள்?’ என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.

திண்டுக்கல்லில் சித்த வைத்தியம் பார்த்து வருகிறேன். பேகம்பூர், நத்தம், வேடசந்தூர், வத்தலக்குண்டு என்று எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் சரி, ‘பையன் சவுதியில இருக்கான்’, ‘மருமகன் துபாய்ல சூப்பர்வைசர்’, ‘தம்பி மலேசியாவுல ஓட்டல்ல நிக்கிறான்’ என்று சொல்கிறவர்கள் வராத வாரம் கிடையாது. ‘அங்கே இன்ஷூரன்ஸ் இருக்கா?’ என்று கேட்பேன். ‘அதெல்லாம் கம்பெனி பாத்துக்கும் சார்’ என்று பதில் வரும். என்ன பாலிசி, எவ்வளவு தொகை, எந்த ஆஸ்பத்திரி என்று அடுத்த கேள்வி கேட்டால், கணவர் மனைவியைப் பார்ப்பார், மனைவி கணவரைப் பார்ப்பார்.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், படிக்காத பிள்ளைக்கு இருக்கிற பாதுகாப்பு படித்த பிள்ளைக்கு இல்லை! பத்தாவது தேறாதவர்களுக்கு ‘இ.சி.ஆர்.’ வகைப் பாஸ்போர்ட் கொடுப்பார்கள். வளைகுடா நாடுகள், மலேசியா போன்ற குறிப்பிட்ட சில நாடுகளுக்கு அவர்கள் வேலைக்குப் போவதென்றால் அரசாங்க அனுமதி வாங்க வேண்டும். அப்போது ‘பிரவாசி பாரதிய பீமா யோஜனா’ என்ற இன்ஷூரன்ஸ் எடுத்தே ஆக வேண்டும். 2003-ல் வந்து, 2017-ல் திருத்தப்பட்ட திட்டம் இது. பிரீமியம் இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், மூன்று வருஷத்துக்கு 375 ரூபாய், வரி தனி. விபத்தில் இறந்தாலோ, வேலை செய்ய முடியாதபடி நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்ச ரூபாய். ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஒரு லட்சம் வரை, ஒரு தடவை படுத்தால் 50,000 வரை. முதலாளி மாறினாலும் பாலிசி செல்லும். குடும்பத்தோடு ஒரு வேளை ஓட்டலில் சாப்பிடுகிற காசில் இத்தனையும்.

பத்தாவது தாண்டிய பிள்ளைக்கு இந்தக் கட்டாயம் கிடையாது. டிப்ளமா முடித்த பையன், கணக்கு எழுதப் போகிற பி.காம். பட்டதாரி... இவர்களை விமான நிலையத்தில் யாரும் ‘பாலிசி எங்கே?’ என்று கேட்பதில்லை. படித்தவன் தானே பார்த்துக்கொள்வான் என்று அரசாங்கம் நினைக்கிறது. பிள்ளை கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று நினைக்கிறான். பெற்றவர்கள் பிள்ளை பார்த்துக்கொள்வான் என்று நினைக்கிறார்கள்! என்னைக் கேட்டால், அந்த நாடுகளுக்கு வேலைக்குப் போகிற எல்லோருக்குமே, எந்தப் பாஸ்போர்ட்டாக இருந்தாலும், இந்தக் கட்டாயம் வர வேண்டும். வரும்வரை வீட்டுப் பெரியவர்கள்தான் அந்த அதிகாரி வேலையைப் பார்க்க வேண்டும்.

கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்பது முழுப் பொய்யும் இல்லை. துபாயில் 2013-ம் ஆண்டுச் சட்டப்படி முதலாளிதான் தொழிலாளிக்கு மருத்துவ இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டும், அந்தப் பணத்தைச் சம்பளத்தில் பிடிக்கவும் கூடாது. 2025 ஜனவரியிலிருந்து அமீரகம் முழுவதுமே தனியார் வேலைக்காரர்களுக்கு இது கட்டாயம். சவுதியிலும் தனியார் கம்பெனிகள் எடுத்தாக வேண்டும். மலேசியாவில் வேலை செய்யும் இடத்தில் அடிபட்டால் உதவும் ‘சொக்சோ’ திட்டத்தில் 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளிகளையும் சேர்த்திருக்கிறார்கள்.

ஆனால், குறைந்த பிரீமியப் பாலிசி என்றால் குறிப்பிட்ட ஆஸ்பத்திரிகளில்தான் செல்லும், பில்லில் ஒரு பங்கை நாமும் கட்ட வேண்டும். துபாய்க்கு மனைவி மக்களை அழைத்துக்கொண்டால் அவர்களுக்கு எடுக்க வேண்டியது பிள்ளையின் பொறுப்பு. வேலை போனால் கம்பெனி பாலிசியும் கூடவே போய்விடும். எல்லாவற்றுக்கும் மேலாக ‘விசிட் விசாவில் போ, அங்கே போய் மாத்திக்கலாம்’ என்று சொல்கிற ஏஜென்ட் இருக்கிறாரே... அவரை நம்பிப் போகிற பையன் சட்டத்தின் கண்ணில் தொழிலாளியே கிடையாது. சாரத்திலிருந்து விழுந்தால், ‘சுற்றுலாப் பயணி சாரத்தில் ஏன் ஏறினார்?’ என்றுதான் கேள்வி வரும். பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் வரியும்தான் வாங்கலாம். லட்சக்கணக்கில் எண்ணிக் கொடுக்கிற நாம் அந்தப் பணத்துக்குப் பாலிசி நகல் ஒன்று கேட்டால் என்ன தப்பு?

இன்னொன்றையும் மனசைக் கல்லாக்கிக்கொண்டு எழுதுகிறேன். நான் மேலே சொன்ன 10 லட்சம் விபத்துக்குத்தான். இரவு சாப்பிட்டுப் படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை, மாரடைப்பு என்றால் அது விபத்து ஆகாது. வெளிநாட்டிலிருந்து அப்படிச் செய்தி வந்த வீடுகளை இந்தப் பக்கத்தில் நானே பார்த்திருக்கிறேன். கடன் வாங்கி அனுப்பிய பிள்ளை, அடகில் இருக்கிற நகை, கைக்குழந்தையோடு மருமகள். அதனால் புறப்படுமுன் இங்கேயே ஒரு டேர்ம் இன்ஷூரன்ஸ் எடுக்கச் சொல்லுங்கள். எந்த நாட்டுக்கு, என்ன வேலைக்குப் போகிறோம், என்ன நோய் இருக்கிறது என்பதை விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள்.

மறைப்பது என்றதும் என் வைத்தியசாலைக் கதைக்கு வருகிறேன். ‘சார், பையனுக்கு அடுத்த வாரம் மெடிக்கல். சர்க்கரை தெரியாம இருக்க ஏதாவது குடுங்க’ என்பார் ஒருவர். ‘முன்னாடி டி.பி. இருந்தது, இப்ப சரியாப் போச்சு. எக்ஸ்ரேயில தழும்பு தெரியாம ஒரு லேகியம்...’ என்பார் இன்னொருவர். நுரையீரல் தழும்பை எக்ஸ்ரே கண்ணிலிருந்து மறைக்கிற லேகியம் எந்தச் சித்தரும் சொல்லவில்லை, ஐயா! பழைய தழும்பு இருந்தாலே வளைகுடா மெடிக்கலில் தள்ளிவிடுகிறார்கள். நோய் முற்றிலும் குணமான ஒருவரின் பிழைப்பைத் தழும்பைக் காட்டித் தடுப்பது எனக்கும் நியாயமாகப் படவில்லை. ஆனால் அதற்கு மருந்து என்னிடம் இல்லை. யாராவது இருப்பதாகச் சொன்னால் அவரிடம் போகாதீர்கள்.

சர்க்கரை விஷயம் இதைவிட மோசம். ஒரு வாரம் பட்டினி கிடந்து, யாரோ கொடுத்த மாத்திரையைக் கூடுதலாக விழுங்கி, பரிசோதனையில் தேறிவிடுகிறார்கள். அங்கே போனதும், ‘எனக்குச் சர்க்கரை’ என்று சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். டாக்டரிடம் போவதில்லை, மாத்திரையும் இல்லை. இரண்டு வருஷம் கழித்துக் காலில் ஆறாத புண்ணோடு இறங்குகிறார்கள். இப்படி வந்த ஒருவருக்கு விரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது, வயது முப்பத்தாறுதான். கம்பெனி இன்ஷூரன்ஸ் கார்டு ரெண்டு வருஷமும் அவர் சட்டைப் பையிலேயே இருந்திருக்கிறது! சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் இருந்தால் மூன்று மாதம் முன்னதாகவே வைத்தியம் பார்த்து ஒழுங்குக்குக் கொண்டு வந்துவிட்டுப் போகட்டும். போன பிறகு அந்தக் கார்டைப் பயன்படுத்தட்டும்.

இப்போது நான் சொல்லப் போவதைக் கேட்டு என் சக வைத்தியர்கள் சிலர் கோபித்துக்கொள்ளலாம். பிள்ளையின் பெட்டியில் சித்த மருந்துகளை வைக்காதீர்கள். பாளையங்கோட்டைக் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கிய நானே சொல்கிறேன். நம் பற்பங்களிலும் செந்தூரங்களிலும் உலோகம் உண்டு, சிலவற்றில் பாதரசமும் உண்டு. முறைப்படி செய்து, அளவோடு, வைத்தியர் கண்காணிப்பில் சாப்பிட வேண்டியவை அவை. லேபிள் இல்லாத டப்பாவில் சிவப்புப் பொடியைப் பார்த்தால் வெளிநாட்டுச் சுங்க அதிகாரி என்ன நினைப்பார் என்று யோசித்துப் பாருங்கள். கஞ்சா சேர்கிற லேகியங்களும் நம் நூல்களில் உண்டு. அது ஒரு துளி இருந்தாலும் வளைகுடாவில் பெரிய சிக்கலில் மாட்டிக்கொள்ளலாம்.

மருந்தை விடுங்கள், கசகசா! நாம் குருமாவுக்கு அரைத்து ஊற்றுகிற அதே கசகசா அமீரகத்திலும் சவுதியிலும் தடை செய்யப்பட்ட பொருள், ஏனென்றால் அது அபின் செடியின் விதை. வீட்டில் அரைத்த கறி மசாலாப் பொடியில் அது கலந்திருக்கிறதா என்று அம்மாக்கள் பார்க்க வேண்டும். வெற்றிலைகூட அமீரகத்துக்குக் கொண்டு போகக் கூடாது. இங்கிலீஷ் மருந்திலும் டிராமடால், கோடீன் கலந்த இருமல் டானிக் போன்றவற்றுக்கு அங்கே முன் அனுமதி வேண்டும். ‘பக்கத்து வீட்டு அண்ணனுக்குக் குடுத்துருப்பா’ என்று வருகிற பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

வெயிலைப் பற்றித் திண்டுக்கல்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை என்று நினைப்பீர்கள். நம் சித்திரை வெயில் வேறு, அந்தப் பாலைவன வெயில் வேறு. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை அமீரகத்தில் பகல் பன்னிரண்டரை முதல் மூன்று மணி வரையும், சவுதியில் பன்னிரண்டு முதல் மூன்று வரையும் திறந்தவெளியில் வேலை வாங்கக் கூடாது என்பது சட்டம். மீதி நேரத்துக்குத் தண்ணீர்தான் காவல். வளைகுடாவிலிருந்து திரும்பிய இளைஞர்கள் சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸுக்கு வருவதை நேபாளத்து டாக்டர்கள் பல வருஷமாகச் சொல்லி வருகிறார்கள். எங்கள் எண்வகைத் தேர்வில் சிறுநீரைப் பார்ப்பதும் ஒன்று. அதைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். காசு செலவில்லாத பரிசோதனை இது. வெளிர் மஞ்சளாகப் போனால் சரி. கடுத்துச் சிவந்து, அளவும் குறைந்தால் உடம்பு வறள்கிறது என்று அர்த்தம், உடனே தண்ணீரோ உப்புப் போட்ட மோரோ குடிக்க வேண்டும். தலை சுற்றி, பேச்சுக் குழறினால் மோர் தேடிக்கொண்டிருக்காமல் நிழலில் கிடத்தி உடம்பை நனைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்.

தங்குமிடத்தையும் கேளுங்கள். குவைத்தில் மங்காஃப் என்ற இடத்தில் 2024 ஜூன் 12-ம் தேதி அதிகாலையில் தொழிலாளர் குடியிருப்பில் தீப்பிடித்து 45 இந்தியர்கள் இறந்தார்கள். அதில் ஏழு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். கீழ்த்தளத்தில் பிடித்த தீ. புகையில் மூச்சு முட்டி இறந்தவர்களே அதிகம். ‘ரூம் எப்படிடா இருக்கு, ஏ.சி. இருக்கா?’ என்று கேட்கிற நாம், ‘தீப்பிடிச்சா எந்தப் படியில இறங்குவ?’ என்றும் ஒரு வார்த்தை கேட்கலாம்.

இங்கே எடுத்து வைத்திருக்கிற மெடிக்ளெய்ம் அங்கே உதவுமா என்று கேட்பீர்கள். பெரும்பாலான பாலிசிகள் இந்தியாவுக்குள்தான் செல்லும். ‘அப்ப எதுக்கு வீணா கட்டணும்?’ என்று நிறுத்திவிடாதீர்கள்! உடம்பு கெட்டால் பிள்ளை திரும்பி வருவது இங்கேதான். அப்போது புதிதாக எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வருஷம் வரை காத்திருக்கச் சொல்லலாம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பத்துக்குத்தான். வெளிநாட்டில் பிள்ளை சம்பாதிக்கிற நடுத்தர வீட்டுக்கு அந்த வழி பெரும்பாலும் அடைத்திருக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவ பாலிசிக்கும் ஆயுள் பாலிசிக்கும் ஜி.எஸ்.டி. எடுபட்டுவிட்டது என்பது ஒரு சின்ன ஆறுதல்.

பிள்ளை போன கதை இருக்கட்டும், மகளின் பிரசவத்துக்கு அமெரிக்கா போகிற அம்மாக்களுக்கும் ஒரு வார்த்தை. டிராவல் இன்ஷூரன்ஸில் பழைய நோய்க்கு, உயிருக்கு ஆபத்தான அவசரம் தவிர, பெரும்பாலும் பணம் தரமாட்டார்கள். ஆறு மாதம் தங்கப் போனால், எத்தனை மாத்திரை கொண்டு போகலாம் என்று விசாரித்துக்கொண்டு, டாக்டர் சீட்டோடு எடுத்துப் போங்கள்.

கடைசியாகக் காகித வேலை. கம்பெனி இன்ஷூரன்ஸ் கார்டின் இரு பக்கமும், பாலிசி நகல், வேலை ஒப்பந்தம், பாஸ்போர்ட், விசா, அங்கே கூட இருக்கிற நண்பர் ஒருவரின் நம்பர், இந்தியத் தூதரகத்தின் நம்பர்... இவ்வளவும் ஒரு உறையில் போட்டு, பீரோவில் நகைச் சீட்டு இருக்கிற இடத்தில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். மருமகளுக்கும் மாமியாருக்கும் அந்த உறை எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். கார்டில் காலாவதித் தேதி போட்டிருக்கும், அதைச் சமையலறைக் காலண்டரில் சுழித்து வையுங்கள். அந்த மாதம் பையன் போன் பண்ணும்போது முதல் கேள்வி, ‘புதுப்பிச்சாச்சா?’ சாப்பிட்டாயா என்பதை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.