சங்கரன்கோவில் யாருடைய கோட்டை?

1996 தேர்தலில் ஜெயலலிதாவே பர்கூரில் தோற்றார், அ.தி.மு.க. வென்றவை நான்கே தொகுதிகள். அவற்றில் ஒன்று சங்கரன்கோவில் (தனி). அன்று சில நூறு வாக்குகளில் தப்பிய சொ.கருப்பசாமி, 2011 வரை தொடர்ந்து நான்கு முறை வென்றார். அவர் மறைவுக்குப் பின் வந்த 2012 இடைத்தேர்தலில் அமைச்சர்கள் படையே இங்கு முகாமிட்டது. ஆட்சியிலிருந்த அ.தி.மு.க. வென்ற வாக்கு வித்தியாசம் 68,000-ஐத் தாண்டியது. அது ஆளுங்கட்சிக்கு விழுந்த வாக்கு. அதைக் கட்சிப் பற்றாகக் கணக்கிட்டது தவறு. 2021-இல் அ.தி.மு.க. அமைச்சர் ராஜலட்சுமியையே தோற்கடித்து, தி.மு.க.வின் ஈ.ராஜாவைத் தேர்ந்தெடுத்தது இதே ஊர். வைகோ பிறந்த கலிங்கப்பட்டி அருகிலிருந்தும், 2012 இடைத்தேர்தலில் அவரது ம.தி.மு.க. மூன்றாமிடமே பெற்றது. கோட்டை என்ற பேச்சை விட்டுவிட்டு, விசைத்தறித் தொழிலாளியின் கூலிக்குக் கட்சிகள் பதில் சொல்லட்டும்.