குறடும் கம்பியும் கைரேகையும்

சீமைக்குப் போய் வருகிற சிநேகிதிகள் முன்பெல்லாம் சென்ட் பாட்டிலும் சாக்லேட்டும் கொண்டு வருவார்கள். இப்போது வித்தை கொண்டு வருகிறார்கள்! ருமேனியாவிலும் அதைச் சுற்றியுள்ள தேசங்களிலும் ரோமா ஜாதியாரின் பட்டறைகளில் உட்கார்ந்து, வெள்ளிக் கம்பியை வளைக்கவும் செம்பைத் தட்டவும் கற்றுக் கொண்டு வருவது ஒரு புது மோகமாகியிருக்கிறது.

ரோமா என்றதும் ரோமாபுரிக்குப் போய்விடாதீர்கள். இவர்களுக்கும் அந்த நகரத்துக்கும் சம்பந்தமில்லை. அவர்கள் பாஷையில் ‘ரோம்’ என்றால் மனிதன், கணவன் என்று அர்த்தம். நாம் ‘ஜிப்ஸி’ என்று சொல்கிறோமே, அவர்கள்தான். சுமார் ஆயிரம் வருஷங்களுக்கு முன் நம் வட இந்தியாவிலிருந்து புறப்பட்டு, பாரசீகம், ஆர்மீனியா வழியாக ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தவர்கள். சாட்சி வேண்டுமா? அவர்கள் பாஷையில் காதுக்குக் ‘கன்’, மூக்குக்கு ‘நக்’, வெள்ளிக்கு ‘ருப்’. ஹிந்தி தெரிந்த சகோதரிகள் இதைப் படித்ததும் சிரிப்பார்கள். நகை மாட்டுகிற இடங்களின் பெயரை மட்டும் ஆயிரம் வருஷமாக மறக்காமல் வைத்திருக்கிறார்கள், பாருங்கள்!

இவர்களில் ‘கல்தெராஷ்’ என்றொரு பிரிவினர் உண்டு. அண்டா, கொப்பரை செய்கிறவர்கள் என்று பொருள். செம்பைத் தட்டிப் பாத்திரம் செய்வதும், பழைய பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதும் பரம்பரைத் தொழில். நம் தெருவில் ‘ஈயம் பூசறது!’ என்று குரல் கேட்ட காலம் பலருக்கு நினைவிருக்கும். வெள்ளி வேலை செய்கிற ரோமா பிரிவு ஒன்று தனியாக இருக்கிறது. கல்தெராஷ் பெண்கள் கழுத்தில் போடுவது என்ன தெரியுமா? சாக்ஷாத் நம் காசுமாலைதான்! ஆஸ்திரிய நாட்டுத் தங்கக் காசுகளை வரிசையாகக் கோத்த மாலை. ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு நிலமில்லை, வீடில்லை. கழுத்தில் இருப்பதுதான் பாங்கி. ருமேனியாவில் கம்யூனிஸ்ட் ஆட்சி நடந்தபோது போலீஸார் அந்தக் காசுகளைப் பறிமுதல் செய்தார்கள். 1989க்குப் பிறகு வழக்குப் போட்டுப் பாட்டியின் காசை மீட்ட குடும்பங்கள் உண்டு. நகை என்றால் வெறும் அலங்காரம் என்று நினைக்கிற ஆண்பிள்ளைகள் இந்த இடத்தை இரண்டு தரம் படிப்பது நல்லது.

சரி, இந்த வித்தையைக் கற்றுக் கொள்ள நமக்கு விமான டிக்கெட் வேண்டுமா? வேண்டாம். மதுரையிலிருந்து மேற்கே ஒரு டவுன் பஸ் போதும். நாகமலைப் புதுக்கோட்டைக்கு அருகில் கீழக்குயில்குடி. ஊருக்குப் பக்கத்தில் சமணர் மலை. அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோவில். மேலே செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட தீர்த்தங்கரர் சிற்பங்கள். ஒட்டு நகை இல்லாமல் நிர்மலமாக உட்கார்ந்திருக்கும் அந்த முனிவர்களைத் தரிசித்துவிட்டு இறங்கி வருகிறவர்களுக்காக, கீழே ஆலமர நிழலில் நகைக் கடை விரித்திருந்தார் ஒரு நரிக்குறவப் பெண்மணி. ஐம்பது வயதிருக்கும். ஒரு சாக்கு, அதன்மேல் மணிகள், ஒரு கம்பிச் சுருள், ஒரு குறடு. அவ்வளவுதான் பட்டறை!

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். நரிக்குறவரும் ரோமாவும் ஒரே கூட்டம் என்று பலர் எழுதுகிறார்கள், அது சரியல்ல. ரோமா முன்னோர் புறப்பட்டுப் போனது ஆயிரம் வருஷத்துக்கு முன். நரிக்குறவர் வடமேற்கிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தது அதற்கு வெகு காலம் பின்னால். தங்களை ‘வாக்ரி’ என்றும், தங்கள் பாஷையை ‘வாக்ரிபோலி’ என்றும் சொல்கிறார்கள். குஜராத்திக்கு உறவான பாஷை. வேறு வேறு கூட்டமானாலும், பிழைப்பிலும் பட்ட கஷ்டத்திலும் இரண்டு பேருக்கும் இருக்கிற ஒற்றுமையை மறுக்க முடியாது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

“அக்கா, எனக்குக் கற்றுத் தருவீர்களா?” என்று கேட்டேன்.

மேலும் கீழும் பார்த்தார். “வாங்குறதுக்குத்தான் வருவாங்க. கத்துக்க யாரும் வந்ததில்ல கண்ணு. உக்காரு” என்றார்.

பாடம் ஆரம்பமாயிற்று. சகோதரிகள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம் என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

முதலில் சுருளிலிருந்து கம்பியை உருவி, பழந்துணியால் இழுத்து நீவி நேராக்க வேண்டும். கோணல் கம்பியில் மணி நேராக நிற்காது. குறடு மூக்குக் கூர்ந்ததாக, மூக்கு உருண்டதாக இருக்க வேண்டும். கம்பியின் நுனியை அந்த மூக்கில் சுற்றினால் சின்ன வளையம் வரும். மணியைக் கோத்து அந்த வளையம் வரை தள்ள வேண்டும். மறுபக்கம் கம்பியை மணியின் வாயை ஒட்டி மடக்கி, ஒரு நெல் நீளம் விட்டு வெட்ட வேண்டும். அந்த நெல் நீளத்தைச் சுருட்டினால் இரண்டாவது வளையம். ஒரு மணி, இரண்டு கண்ணி. இப்படியே ஒன்றோடொன்று மாட்டிக் கொண்டு போனால் மாலை. பற்றவைப்பு இல்லை, நெருப்பு இல்லை, ஊதுகுழல் இல்லை. எல்லாம் விரலின் பலம்தான்.

கண்ணியை மாட்டுகிற இடத்தில்தான் சூக்ஷ்மம் இருக்கிறது. வளையத்தின் வாயை நாமெல்லாம் இரண்டு பக்கமும் இழுத்து விரிப்போம். அப்படி விரித்த வளையம் மறுபடி வட்டமாகாது; நாலு நாளில் மாலை அறுந்து விழும்.

“விரிக்காதே, திருப்பு. கதவைத் திறக்கிற மாதிரி ஒரு பக்கமாத் திருப்பு. மூடறப்பவும் கதவு மாதிரியே மூடு” என்றார் அக்கா.

பெரிய நகைக் கடைப் பட்டறைகளில் சொல்லிக் கொடுப்பதும் இதையேதான். வீட்டில் குழந்தையின் மணிமாலை அறுந்தால் இந்த ஒரு வாக்கியத்தை நினைவில் வையுங்கள்.

இப்போது ஒரு கணக்கு. மாலைக்கு 54 மணி. மணிக்கு இரண்டு கண்ணி. ஆக 108 தரம் கை திரும்ப வேண்டும். அக்கா ஒரு மணியை அரை நிமிஷத்தில் முடிக்கிறார். கண் கூடக் குறட்டின்மேல் இல்லை. வருகிற போகிற ஜனங்களின்மேல் இருக்கிறது. எனக்கு ஒரு மணிக்கு இரண்டு நிமிஷம் பிடித்தது. அவர் நிமிர்ந்து பார்க்காமல் வேலை செய்தால் அரை மணி நேரத்தில் ஆகிற மாலையை நான் செய்தால் ஏறக்குறைய இரண்டு மணி நேரம்! அந்த மாலையின் விலை 80 ரூபாய். நான் இருந்தபோதே காரில் வந்த ஒரு குடும்பம் அதை 40 ரூபாய்க்குக் கேட்டது. கம்பி விலை, மணி விலை, பஸ் சார்ஜ் எல்லாம் போக அக்காவுக்கு நிற்பது என்ன? கையில் குறடு பிடித்துப் பார்த்தவளுக்கு இந்தக் கணக்கு பேரம் பேசுகிறவளைவிடச் சீக்கிரம் புரிந்துவிடுகிறது.

பாடம் நடந்து கொண்டிருக்கும்போது ஊர்ப் பாட்டி ஒருவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். எண்பது வயது. வளர்த்த காது தோள் வரை தொங்குகிறது; ஒரு காலத்தில் தண்டட்டி ஆடிய காது. “பேத்தி கல்யாணத்துக்கு அழிச்சிட்டோம் தாயி” என்றார், காதைத் தொட்டுக் கொண்டே. பிறகு அக்காவின் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு, “இந்தக் கைக்கு என்ன வேகம், ஏத்தா! எங்கய்யா கை மசியிலயே கெடந்துச்சு” என்றார்.

“என்ன மசி, அப்பத்தா?” என்றேன்.

“ரேகைச் சட்டம்னு கேட்டதில்லையா? இந்த ஊர்லதான மொத மொதப் போட்டான்! கலியாணத்தன்னைக்கு ராத்திரிகூட எங்கய்யா கச்சேரியிலதான் படுத்தாராம்” என்றார். கச்சேரி என்றால் பாட்டுக் கச்சேரி இல்லை. அந்தக் காலத்தார் போலீஸ் ஸ்டேஷனை அப்படித்தான் சொல்வார்கள்.

பாட்டி சொன்னது சரித்திரம். குற்றப் பரம்பரைச் சட்டம் என்று வெள்ளைக்கார சர்க்கார் 1871ல் வடக்கே ஒரு சட்டம் கொண்டு வந்தது. 1911ல் அதைத் திருத்தியபோது சென்னை மாகாணத்துக்கும் விரித்தது. 1914ல் மதுரைக் கள்ளர்கள்மேல் அது பாய்ந்தபோது முதலில் அகப்பட்ட ஊர் கீழக்குயில்குடி. குற்றம் செய்தவனைப் பிடிப்பதல்ல அந்தச் சட்டம். பிறந்த ஜாதியே குற்றம் என்பது அதன் சித்தாந்தம். ஆண்களின் கைரேகையைப் பதிவு செய்தார்கள். இரவானால் போலீஸ் கண்ணெதிரில் படுக்க வேண்டும். வெளியூர் போக வேண்டுமானால் ‘ராதாரிச் சீட்டு’ வாங்க வேண்டும். 1920ல் பெருங்காமநல்லூரில் கைரேகை வைக்க மறுத்தவர்கள்மேல் துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. இறந்தவர்களில் ஒரு பெண்ணும் உண்டு. தென்னாட்டில் குறவர் என்ற பெயருள்ள கூட்டங்கள் பலவும் இதே சட்டத்தில் மாட்டிக் கொண்டன. சென்னை மாகாணத்தில் 1947லும், தேசம் முழுவதும் 1952லும்தான் அது ஒழிந்தது.

இதே சமயத்தில் சீமையில் என்ன நடந்தது? பிரான்ஸில் 1912ல் ஒரு சட்டம் வந்தது. வண்டி கட்டிக் கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்கள் ஒவ்வொருவரும் ஒரு புத்தகம் வைத்திருக்க வேண்டும். அதில் உயரம், தலையின் அளவு, விரல் ரேகை எல்லாம் இருக்கும். ஓர் ஊருக்குள் வந்தாலும் முத்திரை, போனாலும் முத்திரை. அதில் அதிகம் சிக்கியவர்கள் ரோமா முதலிய நாடோடிகள். அந்தப் புத்தகம் 1969 வரை இருந்தது. நம் ராதாரிச் சீட்டும் பிரான்ஸின் புத்தகமும் கூடப் பிறந்தவை போலில்லை? இந்தியாவிலிருந்து போனவர்களும், இந்தியாவிலேயே இருந்தவர்களும் ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒரே மாதிரி மசியில் விரலை நனைத்திருக்கிறார்கள்! செம்பைத் தட்டுகிற விரலும் மண்ணை உழுகிற விரலும் என்ன செய்யத் தெரிந்தவை என்று அந்தச் சர்க்கார்கள் கேட்கவில்லை. ரேகை எப்படி ஓடுகிறது என்பதை மட்டும் பார்த்தார்கள்.

நரிக்குறவர்களுக்கு வேட்டைதான் முக்கியத் தொழிலாக இருந்தது. 1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காட்டுக்கு அது நியாயம்; ஆனால் வேட்டையை நம்பியிருந்தவன் கையில் வேறு தொழில் கொடுக்கச் சட்டத்துக்கு நினைவில்லை. அப்போது குடும்பத்தைத் தாங்கியது பெண்களின் கைத்தொழில். ஊசியும் பாசிமணியும் விற்று வந்தவர்கள் கம்பியும் குறடுமாக மாலை கட்டிப் பிழைத்தார்கள். இவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கலாம் என்று 1965ல் லோகூர் கமிட்டி சிபாரிசு செய்தது. நாடாளுமன்றம் அதற்கான சட்டத்தை நிறைவேற்றியது 2022 டிசம்பரில். நடுவில் 57 வருஷங்கள்! ஒரு குழந்தை பிறந்து, பள்ளிக்கூடச் சர்ட்டிபிகேட் இல்லாமல் வளர்ந்து, பேரன் பேத்தி எடுக்கிற காலம்.

“இப்பச் சீட்டு வாங்கிட்டீங்களா அக்கா?” என்று கேட்டேன்.

“பேத்திக்கு வாங்கியாச்சு. எட்டாவது படிக்கிறா” என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் குறடு நின்றது.

“அவளுக்கு இந்த வேலை தெரியுமா?”

“தெரியும். ஆனா பள்ளிக்கூடத்துல சொல்ல மாட்டேங்குறா. பக்கத்துல உக்கார மாட்டாங்களாம்.”

சட்டப் புத்தகத்திலிருந்து குற்றப் பரம்பரை போய் முக்கால் நூற்றாண்டு ஆகிறது. ஆனால் பஸ்ஸில் பாசிமணிக் கூடையோடு ஒருத்தி ஏறினால் நம்மில் எத்தனை பேர் கைப்பையை இறுக்கிக் கொள்கிறோம்? அந்த இறுக்கல்தான் ரேகைச் சட்டத்தின் மிச்சம். அதை நாடாளுமன்றம் ரத்து செய்ய முடியாது. நாம்தான் செய்ய வேண்டும்.

ஆகையால் வாசகிகளுக்கு இரண்டொரு யோசனை. பாசிமாலை வாங்கும்போது கண்ணிகளை எண்ணுங்கள். பிறகு விலை கேளுங்கள். பேரம் பேச நாக்கு எழாது. கண்ணியின் வாய் இடைவெளி இல்லாமல் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அவரிடமே நீட்டினால் ஒரு நொடியில் சரி செய்து தருவார். மாதர் சங்கத்திலோ, பள்ளிக் கைவேலை வகுப்பிலோ, கோடை விடுமுறையிலோ அவர்களில் ஒருவரை ‘டீச்சர்’ என்று அழைத்து, நாற்காலி போட்டு உட்கார வைத்து, தையல் டீச்சருக்குக் கொடுக்கிற சம்பளத்தையே கொடுத்துக் கற்றுக் கொள்ளுங்கள். பாட்டியின் வேலை வகுப்பறைக்குள் வந்து கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்றால், எட்டாம் வகுப்புப் பேத்தியும் தலை நிமிர்ந்து, “எனக்கும் தெரியும்” என்று சொல்வாள்.