ஏரிக்கு ஏது சொந்தக்காரர்?

இன்றைக்குக் கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். நேரம் இல்லாதவர்கள் ராத்திரி சாப்பிட்டு முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள். படிக்காமல் லைக் போட்டுவிட்டு ஓடவேண்டாம். முப்பது வருஷத்துக்கு மேல் பரீட்சைத் தாள் திருத்தியவள் நான், எனக்குத் தெரிந்துவிடும்.

என் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் அனுப்பி, "டீச்சர், உங்க பேஜ்ல ஷேர் பண்ணுங்க, நம்ம பசங்க நிறைய பேர் பார்ப்பாங்க" என்று கேட்டிருந்தார். தாம்பரத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் ஏரிக்கரையில் கூடாரம், ராத்திரி நெருப்பு மூட்டி கோழி வறுவல், பாட்டு, காலையில் குளியல். எல்லாவற்றுக்கும் மேலே பெரிய எழுத்தில் "பிரைவேட் லேக்" என்று போட்டிருந்தது. அதாவது, தனியார் ஏரி!

நான் ஷேர் செய்யவில்லை. செய்யவும் மாட்டேன். அவர் நல்ல பிள்ளை, உழைப்பாளி, அதனால் காரணத்தை அவருக்கு மட்டும் சொல்லாமல் எல்லோருக்குமாகச் சொல்கிறேன்.

ஐந்தாம் வகுப்பில் கரும்பலகையில் ஏரிப் படம் வரைந்து காட்டுவேனே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு பக்கம் பிறை மாதிரி வளைந்த மண் கரை. அதில் மதகு. மதகுக்குக் கீழே வயல். கரையின் ஒரு ஓரத்தில் கலங்கல். ஏரி நிரம்பினால் உபரி நீர் கலங்கல் வழியாக அடுத்த ஊர் ஏரிக்குப் போகும். கரைக்கு எதிர்ப்பக்கம் கரையே கிடையாது, நிலம் மெதுவாக ஏறிக்கொண்டே போகும். மழைக்காலத்தில் தண்ணீர் அங்கே பரவும், கோடையில் பின்வாங்கும். அந்தப் பரப்புக்குத்தான் நீர்ப்பிடிப்பு என்று பெயர். வருவாய்த்துறைப் பதிவேட்டில் அது ஏரிப் புறம்போக்கு. யாருடைய பாட்டன் சொத்தும் அல்ல. பொதுவாக 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி நீர்வளத்துறையிடம் இருக்கும், அதற்குக் கீழே இருந்தால் ஊராட்சி ஒன்றியத்திடம் இருக்கும். ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-ல் தனிச் சட்டமே போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் பட்டா நிலம் வாங்கி அதில் கூடாரம் அடித்தால் அந்த நிலம் உங்களுடையதாக இருக்கலாம். நாலு அடி தள்ளி நிற்கிற தண்ணீர் உங்களுடையது அல்ல. கம்பிவேலி போட்டு "எங்கள் ஏரி" என்று காசு வாங்குவதற்கு வேறு பெயர் இருக்கிறது. பழைய மாணவர் என்பதால் அதைச் சொல்லாமல் விடுகிறேன்.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் இந்த இடத்தில் சண்டைக்கு வருவீர்கள், தெரியும். சிகாகோவிலிருந்தும் மினியாபொலிஸிலிருந்தும் எத்தனை படம் அனுப்பியிருக்கிறீர்கள்! ஏரி ஓரத்தில் கூடாரம், குழந்தைகள் குச்சியில் ஏதோ வெள்ளை மிட்டாயைக் குத்தி நெருப்பில் வாட்டுகிறார்கள். பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது. கூடவே ஒரு வரியும் எழுதுவீர்கள்: "நம்ம ஊர்ல இதெல்லாம் எப்ப வரும் டீச்சர்?"

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். மின்னசோட்டாவின் ஏரிகள் மனிதர் வெட்டியவை அல்ல. பனியாறுகள் பல ஆயிரம் வருஷங்களுக்கு முன்பு உருகிப் பின்வாங்கியபோது விட்டுப்போன பள்ளங்கள். அவற்றில் வருஷம் முழுக்கத் தண்ணீர் நிற்கும். நம்முடையவை மூன்று மாத மழையை ஒன்பது மாதத்துக்குச் சேர்த்துவைக்க நம் முன்னோர் கையால் கட்டியவை. அது ஏரி, இதுவும் ஏரி என்பதெல்லாம் மொழிபெயர்ப்பில் வந்த குழப்பம்.

அடுத்தது, அங்கே கூடாரம் எப்படிப் போடுகிறீர்கள் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். சிகாகோ பக்கத்தில் இண்டியானா டியூன்ஸ் என்று மிச்சிகன் ஏரிக்கரையில் ஓர் இடம். 2019-ல் அதைத் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். என் மாணவி குடும்பத்தோடு போய்வந்து போனில் ஒரு மணி நேரம் சொன்னாள். முன்கூட்டியே பதிவு செய்யவேண்டும். கூடாரத்துக்கு எண் போட்ட இடம். நெருப்பை அதற்கென்று வைத்திருக்கும் இரும்பு வளையத்துக்குள் மட்டும்தான் மூட்டலாம். ராத்திரி குறிப்பிட்ட மணிக்கு மேல் சத்தம் கூடாது. வெளியூரிலிருந்து விறகு கொண்டுபோனால்கூடத் தப்பாம், மரத்தைத் தின்னும் பூச்சி விறகோடு வந்துவிடும் என்று பல மாநிலங்களில் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். கழிப்பறை, குப்பைத்தொட்டி, ரோந்து வரும் காவலர். இத்தனைக்கும் நடுவில்தான் அந்த வெள்ளை மிட்டாய். நீங்கள் எனக்கு அனுப்புவது மிட்டாய்ப் படம் மட்டும்.

இங்கே என்ன நடக்கிறது? என் தங்கையின் பேரன் கல்லூரி நண்பர்களோடு இப்படி ஓர் இடத்துக்குப் போய்வந்தான். எந்த ஏரி, யார் நடத்தினார்கள் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். நாற்பது பேருக்கு ஒரே ஒரு கழிப்பறை. ராத்திரி பத்து மணிக்கு அதில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. அப்புறம் எங்கே போயிருப்பார்கள்? ஏரிக்குத்தான். மிதவை அங்கி ஒன்றுகூடக் கிடையாது. நடத்தியவரிடம் கேட்டதற்கு, "இடுப்பளவு தண்ணிதான் தம்பி" என்றாராம்.

இந்த "இடுப்பளவு தண்ணி" என்ற வார்த்தைதான் என்னை இவ்வளவு எழுதவைக்கிறது. நம் ஏரிகளில் எத்தனை இடத்தில் சவுடு மண் எடுத்திருக்கிறார்கள்! கோடையில் லாரி போன வழியெல்லாம் ஆளை விழுங்கும் பள்ளம். மழை பெய்து தண்ணீர் நின்றுவிட்டால் மேலே ஒன்றும் தெரியாது. இரண்டு அடி இடுப்பளவு, மூன்றாவது அடியில் தலைக்கு மேல். காலடியில் சேறு. நம் பக்கத்துக் கல்குவாரிக் குட்டைகள் இன்னும் மோசம், பாறையை நேராக வெட்டிய சுவர், ஏறுவதற்குப் பிடி கிடைக்காது. ஒவ்வொரு விடுமுறையிலும் பேப்பரில் அதே செய்தி, ஊர்ப் பெயர் மட்டும் மாறும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி இந்தியாவில் சமீப ஆண்டுகளில் வருஷத்துக்கு 35,000-க்கும் மேற்பட்டோர் நீரில் மூழ்கி இறக்கிறார்கள். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு நீச்சல் தெரியும்? நான் பாடம் எடுத்த வகுப்புகளில் கேட்டால் ஐம்பதுக்கு நாலு கை தூக்கும். அதிலும் இரண்டு கை பொய்.

இன்னொன்று. கரைமேட்டிலும் புல்லிலும் தரையோடு தரையாகப் படுத்தால் கட்டுவிரியனுக்கு வசதி. அது ராத்திரியில்தான் வெளியே வரும். கடித்தால் பல சமயம் வலிகூடத் தெரியாது. விஷமுறிவு மருந்து செய்யப் பாம்பு விஷம் எடுத்துக்கொடுப்பவர்கள் நம் மாவட்டத்து இருளர்கள். வடநெம்மேலியில் அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் 1978-லிருந்து இருக்கிறது. இதே இருளர் குடும்பம் ஏரி ஓரத்தில் ஓலைக்குடிசை போட்டால் ஆக்கிரமிப்பு என்று நோட்டீஸ் வருகிறது. அதே இடத்தில் மஞ்சள் நைலான் கூடாரம் இருபது போட்டு டி.ஜே. வைத்தால் அதற்குப் பெயர் சுற்றுலா. எனக்கு இது புரியவே இல்லை, புரிந்தவர்கள் கமெண்டில் விளக்குங்கள்.

பாட்டுச் சத்தம் பற்றி. நவம்பர் முதல் மார்ச் வரை நம் ஏரிகளுக்கு எங்கிருந்தெல்லாமோ பறவைகள் வருகின்றன. கூட்டில் உட்கார்ந்திருக்கும் பறவை மிரண்டு எழுந்து போனால் முட்டையைக் காக்கை தூக்கிவிடும், அவ்வளவுதான். வேடந்தாங்கல் ஊர்க்காரர்களுக்கு இது 18-ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்திருந்தது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது நேரே கலெக்டரிடம் போய் முறையிட்டுத் தடை வாங்கினார்கள். அது வெறும் பறவைப்பாசம் இல்லை, எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்ற கணக்கும் அதில் உண்டு. 1936-ல் சரணாலயமானது, 2022-ல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. அந்த ஏரிக்கரையில் நின்று, வாயை மூடிக்கொண்டு பார்த்துவிட்டு வரலாம். யாரும் நெருப்பு மூட்டுவதில்லை, யாருக்கும் சந்தோஷம் குறைந்ததாகவும் தெரியவில்லை.

"எல்லாத்துக்கும் தடை போடச் சொல்றீங்களா டீச்சர்?" என்று கேட்பீர்கள். இல்லை. ஒரு ராத்திரியாவது குழந்தைகள் தவளைச் சத்தம் கேட்டுத் தூங்கவேண்டும், கூரை இல்லாமல் நட்சத்திரம் பார்க்கவேண்டும். பல்லாவரம் அடுக்குமாடியில் வளர்கிற பிள்ளைக்கு அது பாடப்புத்தகத்தைவிட அவசியம் என்றுகூடச் சொல்வேன். முட்டுக்காட்டிலும் முதலியார்குப்பத்திலும் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் படகுத்துறை நடத்துகிறது, அங்கி மாட்டித்தான் ஏற்றுவார்கள். மலையேற்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்ட உயிர் போனது, அதில் நம் சென்னைப் பிள்ளைகளும் உண்டு. அதற்கப்புறம்தான் மலையேற்றத்துக்கு விதிமுறை வந்தது. 2024-ல் வனத்துறையே 40 பாதைகளைத் திறந்து, இணையத்தில் பதிவு, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி என்று ஒழுங்கு செய்தது. கூடார முகாம் நடத்துவோரும் சுற்றுலாத்துறையில் பதிவு செய்யவேண்டும் என்று அறிவித்திருக்கிறார்கள். எனக்கு வந்த விளம்பரத்தில் ஆறு போன் நம்பர் இருந்தது, பதிவு எண்ணைக் காணோம். தண்ணீர் ஓரத்துக்கும் ஒரு குரங்கணி நடந்து முடியட்டும் என்று காத்திருக்கிறோமா?

தண்ணீர் இறங்கிக் கிடக்கிறதே, காய்ந்த தரைதானே என்று நீர்ப்பிடிப்புக்குள் கூடாரம் அடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஏரிகள் சங்கிலி. சிட்லபாக்கம் நிரம்பினால் செம்பாக்கம், அது நிரம்பினால் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம், கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு. உங்கள் தலைக்கு மேல் ஒரு சொட்டு விழாமலே, மேலே உள்ள ஏரியின் கலங்கல் ராத்திரி இரண்டு மணிக்கு வழிந்தால் உங்கள் கூடாரத்துக்குள் தண்ணீர் வரும். நமக்கு இது தெரியாததா? 2015 டிசம்பர் 1-ஆம் தேதி மழை, ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர். முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மொட்டைமாடியிலிருந்து ஆட்களைப் படகில் இறக்கினார்கள். தண்ணீர் போகும் வழியில் நாம் கான்கிரீட்டில் போட்ட கூடாரங்கள் அவை. என் மாணவர்கள் பலர் வீட்டுக்கடன் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இதில் எனக்குக் கோபம் தாம்பரத்துக்காரர்கள் மேலும் உண்டு. ஏரி பார்க்க எண்பது கிலோமீட்டர் பெட்ரோல் போட்டுப் போகிறோம். வீட்டுக்குப் பின்னால் சேலையூர் ஏரி இருக்கிறது, ராஜகீழ்ப்பாக்கம் இருக்கிறது, பீர்க்கன்கரணை இருக்கிறது. கழிவுநீர்க் குழாயை அதில் திருப்பிவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கிறோம். மாடம்பாக்கம் ஏரிக்குள் இருக்கும் கிணறுகளிலிருந்துதான் சுற்றுவட்டார வீடுகளுக்குக் குடிநீர் போகிறது. அந்தக் கரையில் பிறந்தநாள் கேக் வெட்டி பாட்டிலை உள்ளே வீசிவிட்டு வருகிறார்கள். சிட்லபாக்கத்து ஜனங்களைப் பாருங்கள். குப்பைமேடாகக் கிடந்த ஏரிக்காக வருஷக்கணக்கில் மனு போட்டு, 2019 வறட்சியில் தாங்களே மண்வெட்டியோடு இறங்கினார்கள். அதற்கப்புறம்தான் அரசாங்கமும் 25 கோடி ஒதுக்கியது. அந்தக் கூட்டத்தில் என்னிடம் படித்தவர்கள் இருவர் இருந்தார்கள் என்பதில் எனக்குப் பெருமை. ஒருவன் வீட்டுப்பாடமே எழுதமாட்டான்.

விளம்பரம் அனுப்பிய தம்பிக்கு: உன் பிழைப்பில் மண் போட எனக்கு ஆசை இல்லை. கடன் வாங்கிக் கூடாரம் வாங்கியிருக்கிறாய் என்றும் கேள்விப்பட்டேன். "பிரைவேட் லேக்" என்பதை எடு. சுற்றுலாத்துறைப் பதிவைச் செய். கூடாரத்தை நீர்ப்பிடிப்புக்கு வெளியே மேட்டில், கட்டிலோடு போடு. பத்துப் பேருக்கு ஒரு கழிப்பறை, நீச்சல் தெரிந்த இரண்டு உள்ளூர் ஆட்களுக்குச் சம்பளம், குளிப்பது கண்டிப்பாகக் கிடையாது, ஒன்பது மணிக்கு மேல் ஸ்பீக்கர் கிடையாது. "இப்படியெல்லாம் செஞ்சா யார் டீச்சர் வருவாங்க?" என்று போனில் சிரித்தாய். குடிக்க வருகிறவன் வரமாட்டான், குழந்தையோடு வருகிறவன் வருவான். அவனிடம் இரண்டு பங்கு கட்டணம் வாங்கு, கொடுப்பான். பதிவுச் சான்றிதழைப் போட்டோ எடுத்து அனுப்பு, அன்றைக்கே என் பக்கத்தில் போடுகிறேன்.

பெற்றோராகிவிட்ட என் பிள்ளைகளுக்கு: அரையாண்டு விடுமுறைக்கு இப்போதே பிள்ளைகள் நச்சரிக்க ஆரம்பித்திருப்பார்கள். பணம் கட்டும் முன்னால் பதிவு எண் கேளுங்கள், பக்கத்து அரசு மருத்துவமனை எத்தனை கிலோமீட்டர் என்று கேளுங்கள். பதில் சொல்லத் திணறினால் வைத்துவிடுங்கள். அதற்குப் பதில் ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருட்டோடு கிளம்பி ஜி.எஸ்.டி. சாலையில் படாளம் கூட்டுரோடு போய்த் திரும்பினால், வெயில் ஏறுவதற்குள் வேடந்தாங்கல் கரையில் நிற்கலாம். போகிற வழியில் செங்கல்பட்டு கொளவாய் ஏரியைப் பிள்ளைகளுக்குக் காட்டி, கரை எது, மதகு எது என்று கேளுங்கள். தெரியாவிட்டால் எனக்கு போன் போட்டுக் கொடுங்கள், காலை ஐந்து மணிக்கே எழுந்துவிடுவேன்.