சாம்பல் தட்டத் தட்டு நீட்டுவதா விருந்தோம்பல்?

கோடை விடுமுறையில் நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து கொடைக்கானலில் காட்டேஜ் எடுத்துத் தங்குகிறோம். குளிருக்கு அஞ்சிச் சன்னல்களை அடைக்கிறோம். இரவுச் சாப்பாடு முடிந்ததும், நாம் விருந்தாளியாக அழைத்து வந்த மச்சான் கூடத்திலேயே சிகரெட்டைப் பற்றவைக்கிறார். கைக்குழந்தை இருமுகிறது. ஆஸ்துமா உள்ள உம்மா முக்காட்டுத் துணியால் மூக்கைப் பொத்திக்கொள்கிறார். நாமோ சாம்பல் தட்ட ஒரு சாஸரை நீட்டுகிறோம்! கேட்டால், விருந்தினரைக் கண்ணியப்படுத்த வேண்டுமாம்.

கண்ணியப்படுத்தச் சொன்ன அதே நபிமொழியில், விருந்தளிப்பவரைச் சங்கடப்படுத்தும் அளவுக்குத் தங்குவது விருந்தினருக்கு ஆகுமானதல்ல என்பதும் வருகிறது (புகாரி). அந்தப் பாதியை வசதியாக மறந்துவிடுகிறோம். பூண்டு வாடையோடு பள்ளிவாசலுக்கு வருவதையே நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். 7,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருட்கள் கலந்த புகை அதைவிட இலேசானதா?

வராந்தாவில் நின்று புகைப்பவரும் கதவைத் திறந்தே வைக்கிறார்; புகை உள்ளேதான் வருகிறது. மெத்தையிலும் திரைச்சீலையிலும் படிந்த வாடையோ, அடுத்து வந்து தங்கும், நாம் முகமறியாத குடும்பத்தின் பங்காகிறது. அது அடுத்தவர் உரிமை இல்லையா?

ஆகவே மலையேறிய பிறகல்ல, அழைக்கும்போதே சொல்லிவிடுவோம்: "மச்சான், காட்டேஜுக்குள் வேண்டாம். வெளியே கதவைச் சாத்திவிட்டுத் தள்ளிப் போய்ப் பிடியுங்கள்." துண்டை அணைத்துப் போட ஒரு தகர டப்பாவையும் கையில் கொடுப்போம், கோடையில் மலைப்புல் காய்ந்து கிடக்கும். கோபித்துக்கொள்வாரோ? துபாய் விமானத்தில் நான்கு மணி நேரம் அடக்கிக்கொண்டு வருபவர்தானே அவர்!