கொடுத்ததும் வாங்கியதும் போதாது

ஏழாம் வாரத்தில் இரத்தக் கசிவு. ஏற்கனவே ஒருமுறை கரு கலைந்த வீடு. ஜாசினிலும் மெர்லிமாவிலும் இப்படிப்பட்ட வீட்டுக்கு வரும் பெரியவர்கள் சொல்வது தெரிந்ததுதான்: "ஒரு பிள்ளைய எடுத்து வளருங்க, அந்த ராசியில இதுவும் தங்கும்." ஆறுதலுக்குச் சரி; மருத்துவத்தில் இதற்கு ஆதாரம் இல்லை.

முதல் மூன்று மாதத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு கர்ப்பத்தில் கசிவு தென்படுகிறது. அவற்றில் பல நல்லபடியாகப் பிரசவம் வரை போகின்றன. தொடக்கத்திலேயே கலைபவற்றில் பாதியளவுக்குக் காரணம் குரோமோசோம் கோளாறு. மருமகள் வாளி தூக்கியது அல்ல. ஆனால் ஒரு பக்க அடிவயிற்று வலியோ, தோள்பட்டை வலியோ, மயக்கமோ சேர்ந்தால் கரு கருக்குழாயில் தங்கியிருக்கலாம். விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

இனி, பிள்ளையை எடுத்து வளர்ப்பது பற்றி. கர்ப்பமாக இருப்பவர் தத்தெடுக்கக் கூடாது என்று மலேசியச் சட்டம் சொல்லவில்லை. சிக்கல் வேறிடத்தில். தோட்டங்களில் பிள்ளை கைமாறுவது பழைய வழக்கம். சீனக் குடும்பங்கள் கொடுத்த பெண் குழந்தைகள் நம் லயங்களில் தமிழ் பேசி, பொட்டு வைத்து வளர்ந்து இன்று பாட்டிகளாக இருக்கிறார்கள். அன்று வாய்ச்சொல் போதுமாக இருந்தது. இன்று பன்னிரண்டு வயதில் மைகாட் அடையாள அட்டை எடுக்கப் போகும்போதுதான் பிள்ளையின் பத்திரத்தில் உள்ள ஓட்டை தெரிகிறது.

முஸ்லிம் அல்லாதவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. இரண்டுமே 1952ஆம் ஆண்டுச் சட்டங்கள் என்பதால் குழப்பம் அதிகம். ஒன்று, தேசியப் பதிவு இலாகாவில் பதிவது: பிள்ளையை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து வளர்த்திருந்தால் போதும், செலவும் குறைவு. பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் உயில் எழுதாமல் அப்பா இறந்தால் அந்தப் பிள்ளைக்குச் சொத்தில் பங்கு கிடையாது. 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பின்னால் சொந்தப் பிள்ளையும் பிறந்துவிட்டால் ஒரே வீட்டில் இரு பிள்ளைகளுக்கு இரு நீதி. மற்றது, நீதிமன்றத் தத்து உத்தரவு: பிள்ளை குறைந்தது மூன்று மாதம் தொடர்ந்து உங்களிடம் இருக்கவேண்டும், சமூகநலத் துறைக்கு முன்னரே தெரிவிக்கவேண்டும். இதில் அந்தப் பிள்ளை சட்டப்படி உங்களுக்கே பிறந்ததற்குச் சமம். கர்ப்பமாக இருக்கும் தம்பதிக்கு இந்த வழியையே நான் சொல்வேன். உடல்நிலையை அதிகாரியிடம் மறைக்காதீர்கள்; இரண்டு கைக்குழந்தைகளை வீடு தாங்குமா என்று அவர் கேட்பது நியாயமே.

இந்த உத்தரவும் குடியுரிமையைத் தானாகத் தராது. பெற்றவள் யாரென்றே தெரியாத ஒரு தத்துப் பிள்ளையின் குடியுரிமைக்காக வளர்த்தவர்கள் கூட்டரசு நீதிமன்றம்வரை போய், 2021இல்தான் வென்றார்கள். ஆகவே பெற்றவளின் அடையாளத்தையும் ஒப்புதலையும் முதலிலேயே எழுத்தில் பெறுங்கள். மருத்துவமனையில் உங்கள் பெயரையே தாய் என்று எழுதவைக்கலாம் என்று சொல்லும் தரகரை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். காசு கொடுத்துப் பிள்ளை வாங்குவது குற்றம்.

பிள்ளை ஏற்கனவே கைக்கு வந்துவிட்டதா? 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டப்படி, கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரு வாரத்துக்குள் சமூகநலத் துறையின் சிறார் பாதுகாப்பு அதிகாரியிடம் தெரிவிக்கவேண்டும்.